எங்கள் துறைமுகத்தின் பெயரில் ஒரு கப்பல்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்ல்பூல் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பழைய போர்க்கப்பல் நிற்கிறது. மூன்று பாய்மரம், கறுப்பும் வெள்ளையும் பூசிய உடம்பு, பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கி ஓட்டைகள். டிக்கெட் எடுத்தால் ஏறிப் பார்க்கலாம். அதன் பெயர் ட்ரிங்கோமலி. ஆமாம், நம்முடைய திருகோணமலைதான்.

1817 ஆம் ஆண்டு ஒக்டோபர் 12 ஆம் திகதி தண்ணீரில் இறக்கிய கப்பல். இன்றைக்கும் தண்ணீரில்தான் நிற்கிறது. பிரித்தானியாவில் இதைவிடப் பழைய போர்க்கப்பல் ஒன்று இருக்கிறது, நெல்சனின் விக்டரி. ஆனால் அது போர்ட்ஸ்மத்தில் உலர்துறையில் ஏற்றி வைக்கப்பட்டது. மிதந்துகொண்டிருக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் மூத்தது எங்கள் ஊர்ப் பெயர் கொண்ட இதுதான்.

எங்களிடம் படித்து இப்போது அந்த நாட்டில் வேலை செய்யும் ஒரு பிள்ளை வட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியிருந்தது. வத்தேகமப் பக்கத்தில் வரலாறு படிப்பிக்கிற எங்களுக்கு இப்படி ஏதாவது கிடைத்தால் விட மனம் வராது. தரம் பத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். பின் வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்: "சேர், அப்ப இது எங்கட கப்பலா?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "பேர் எங்கட, அப்ப எங்கட" என்று ஒரு பக்கம். "வெள்ளைக்காரன் கட்டினது, அவனுக்குத்தான் சொந்தம்" என்று மறுபக்கம். ஒரு பாடவேளை போதவில்லை. அடுத்த கிழமையும் போனது. அந்த இரண்டு கிழமையில் பேசியதையும், பிறகு நாங்கள் தேடிப் பார்த்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கப்பலைக் கட்டியது யார்? இங்கிலாந்தில் அல்ல, பம்பாயில் கட்டினார்கள். நெப்போலியனுடன் சண்டை நடந்த காலம். கப்பல் கட்ட ஓக் மரம் தட்டுப்பாடு. மலபார்க் காட்டில் தேக்கு நிறைய. பம்பாயில் வாடியா என்ற பார்சிக் குடும்பம் 1736 இலிருந்து கப்பல் கட்டிவந்தது, சூரத்திலிருந்து வந்த தச்சர்கள். அந்தக் குடும்பத்து ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாதான் இதன் தலைமைக் கட்டுநர். 1816 இல் அடிமரம் வைக்கும்போது தங்கள் வழக்கப்படி அதில் ஒரு வெள்ளி ஆணி அடித்தார்களாம். பிரித்தானிய அரசரின் கப்பலுக்குப் பார்சி வெள்ளி ஆணி. பிள்ளைகளுக்கு இந்த இடம் நன்றாகப் பிடித்தது.

சரி, வரைபடம் யாருடையது? இங்கேதான் வேடிக்கை. 1782 இல் ஆங்கிலேயர் ஹீப் என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பிடித்தார்கள். அதன் உடலமைப்பு பிடித்துப்போய் அளவெடுத்து, அதே மாதிரி ஒரு வரிசைக் கப்பல்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். ட்ரிங்கோமலி அந்த வரிசையில் ஒன்று. அதாவது நாம் "அசல்" என்று பார்க்கிற இந்தக் கப்பலே பிரெஞ்சுக்காரனைப் பார்த்து எழுதின கொப்பி. பம்பாய்க்கு அந்த வரைபடத்தை ஜாவா என்ற கப்பலில் அனுப்பினார்கள். 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் கொன்ஸ்டிட்யூஷன் அந்த ஜாவாவை அடித்து நொறுக்கிவிட்டது. மறுபடியும் ஒரு படி எடுத்து அனுப்பவேண்டியதாகிவிட்டது. அந்தக் கொன்ஸ்டிட்யூஷன் இன்றைக்கும் பொஸ்டனில் மிதக்கிறது. வரைபடத்தை மூழ்கடித்த கப்பலும், அந்த வரைபடத்தால் பிறந்த கப்பலும், இரண்டும் இப்போது சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கின்றன.

இத்தனை தாமதத்தால் கப்பல் கட்டி முடிவதற்குள் சண்டையே முடிந்துவிட்டது. 1819 இல் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்ததும் மேலே கூரை போட்டு ஓரமாகக் கட்டிவைத்தார்கள். முதல்முறையாகக் கடமைக்குப் போனது 1847 இல். அதற்குள் நீராவிக் கப்பல் வந்துவிட்டது. மேற்கிந்தியத் தீவுகள், வட அமெரிக்கக் கரை, பிறகு பசிபிக் என்று சில வருடம் சுற்றியது. பெரிய கடற்போர் எதிலும் அது சண்டை பிடிக்கவில்லை. அதனால்தான் தப்பியது என்று நினைக்கிறோம். நல்லாகச் சண்டை பிடித்த கப்பல்கள் எல்லாம் கடலடியில் கிடக்கின்றன.

பெயர்க் கதை இதைவிட விசித்திரம். நெல்சனின் கொடிக்கப்பலாக இருந்த ஃபூட்ரோயன்ட் என்ற இன்னொரு கப்பலை ஒரு பணக்காரர் வாங்கி, பழுதுபார்த்து, கடற்கரை ஊர்களுக்குக் கொண்டுபோய்க் காசுக்குக் காட்டினார். மிதக்கும் காட்சிசாலை என்று இன்று சொல்கிறோமே, அதேதான். 1897 ஜூனில் பிளாக்பூல் கடற்கரையில் புயலடித்து அது உடைந்து போனது. அதே வருடம் ட்ரிங்கோமலியைக் கடற்படை உடைக்க விற்றது. அந்தப் பணக்காரர் இதை வாங்கினார், வாங்கி, இழந்த கப்பலின் பெயரை இதற்கு வைத்துவிட்டார். பிறகு 1986 வரை சிறுவர்களுக்கு மாலுமிப் பயிற்சி கொடுக்கும் கப்பலாக இருந்தது. கிட்டத்தட்ட 90 வருடம் திருகோணமலை என்ற பெயர் அந்தக் கப்பலில் இல்லை. 1987 இல் ஹார்ட்ல்பூலுக்குக் கொண்டுவந்து, திருத்த வேலை நடந்துகொண்டிருக்கையில் 1992 இல்தான் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். திருத்தி முடிக்க 2001 ஆகிவிட்டது.

படத்தில் கப்பலைச் சுற்றி அழகான பழங்காலத் துறைமுகத் தெரு ஒன்று தெரிகிறது. கடைகள், விளக்குக் கம்பங்கள், வாள் செய்கிறவன் வீடு. பிள்ளைகள் கப்பல் புதிது, தெரு பழையது என்று நினைத்தார்கள். உண்மை தலைகீழ். அந்தத் தெரு 1990களில் கட்டியது, 18 ஆம் நூற்றாண்டு மாதிரி இருக்கவேண்டும் என்று.

முழுக் கப்பலையே புதிதாகச் செய்து காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரான்ஸில் லெர்மியோன் என்று 18 ஆம் நூற்றாண்டுப் போர்க்கப்பல் ஒன்றை ஓக் மரத்தில் அப்படியே மறுபடி கட்டினார்கள். 1997 இல் தொடங்கி 2012 இல் தண்ணீரில் இறக்கினார்கள். 2015 இல் அமெரிக்கா போய்வந்தது. கண்கொள்ளாக் காட்சி, காணொளிகள் நிறைய இருக்கின்றன, தேடிப் பாருங்கள். 2021 இல் பார்த்தால் உள்மரத்தில் பூஞ்சணம் பிடித்து உளுத்துவிட்டது. பத்து வருடம்கூட ஆகவில்லை. துறையில் ஏற்றி, திருத்தக் காசு சேர்க்கவேண்டியதாகிவிட்டது. மலபார்த் தேக்கு 200 வருடம் தாண்டியும் நிற்கிறது. எங்கள் ஊர்த் தச்சர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். "தேக்கில எண்ணெய் இருக்கு தம்பி, பூச்சியும் தொடாது, பூஞ்சணமும் தொடாது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்.

மலாக்காவிலும் ஒன்று உண்டு. 1511 இல் மலாக்காவைக் கொள்ளையடித்த போர்த்துக்கேயரின் கப்பல், ஃப்ளோர் டி லா மார். கொள்ளையோடு போகும் வழியில் சுமாத்திராக் கரைக்கு அப்பால் மூழ்கிவிட்டது. அதன் மாதிரியைக் கட்டி ஆற்றோரத்தில் நிறுத்தி, உள்ளே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அது தண்ணீரில் இல்லை, தரையில்தான். ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். கொள்ளை போன ஊர்க்காரர்களே அந்தக் கப்பலை நிறுத்தி, தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். எங்களுக்கு அது பிடித்திருக்கிறது.

ட்ரிங்கோமலியின் முன்மூக்கில் ஓர் உருவம் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தலைப்பாகை கட்டிய, மீசை வைத்த ஆசிய ஆள். அந்தக் கப்பலில் எங்களுக்கு ஆகக் கிட்ட வருகிறது அதுதான். "யார் சேர் இது?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். யாருமில்லை. கிழக்கு என்றால் தலைப்பாகை, அவ்வளவுதான். திருகோணமலை மீனவனும் இல்லை, கண்டி நிலமேயும் இல்லை, எங்கள் மூத்தாப்பாமாரும் இல்லை.

அப்படியானால் அந்தப் பெயர் ஏன்? 1782 செப்டெம்பர் 3 ஆம் திகதி திருகோணமலைக்கு வெளியே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பிடித்த கடற்சண்டையின் நினைவாக என்கிறார்கள். அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் வெல்லவில்லை. சொல்லப்போனால் அதற்குச் சில நாள் முன்புதான் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் கோட்டையைப் பறித்துக்கொண்டிருந்தார். அந்த ஜனவரியில்தான் ஆங்கிலேயர் அதை ஒல்லாந்தரிடமிருந்து பறித்திருந்தார்கள். ஒரே வருடத்தில் மூன்று கொடி. இந்த மூன்று கொடியும் யாருடைய துறைமுகத்தில் பறந்தன என்று கேட்டால்தான் பாடம் எங்கள் பக்கம் திரும்புகிறது.

திருகோணமலையும் அதை ஒட்டிய கொட்டியாரமும் கண்டி இராச்சியத்தின் கடல் வாசல்கள். போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோட்டை கட்டினார்கள். இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு சேர்ந்து 1639 இல் அதைப் பிடித்தார். ஆனால் ஒல்லாந்தர் கரையை விட்டுப் போகவில்லை. 1660 இல் மழைக்காலப் புயலில் பாய்மரம் முறிந்து, அதைச் சரிசெய்யக் கொட்டியாரத்தில் ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலில்தான் றொபர்ட் நொக்ஸ் பிடிபட்டார். அவரை அழைத்துவந்து எங்கள் மலைகளுக்குள் 19 வருடம் வைத்திருந்தார்கள். 1766 உடன்படிக்கையோடு கண்டிக்குக் கடற்கரை முழுதும் போனது. இலங்கைத் தீவின் நடுவில் இருந்துகொண்டு, கடலைத் தொட ஒல்லாந்தரின் அனுமதி வேண்டிய அரசு.

ஆங்கிலேயரின் முதல் தூதுவர் பைபஸ் 1762 இல் திருகோணமலையில் இறங்கித்தான் கண்டிக்கு வந்தார். பேச்சு எதுவும் முடிவாகவில்லை. 20 வருடம் கழித்து 1782 இல் ஹியூ போய்ட் அதே வழியால் வந்தார். இராஜாதி இராஜசிங்கன் அவரை மரியாதையாக வரவேற்றார், ஆனால் சென்னைக் கவர்னரின் ஆளோடு ஒப்பந்தம் செய்ய மாட்டேன், உங்கள் அரசரே நேரில் எழுதட்டும் என்ற கருத்தில் அனுப்பிவிட்டார். கண்டி முன்பு ஒருமுறை பட்டது அல்லவா. போய்ட் திரும்பும் வழியில் கடலில் பிரெஞ்சுக்காரரிடம் அகப்பட்டுக்கொண்டார். கப்பல் பெயர் வாங்கிய அதே வருடத்துக் கதைதான் இது. இந்த அரசரைப் பற்றி ஒரு பலகையாவது அந்தக் கப்பலுக்குள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

1803 எங்கள் வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்த வருடம் பெப்ரவரியில் ஆங்கிலப் படை ஒன்று கொழும்பிலிருந்தும் இன்னொன்று திருகோணமலையிலிருந்தும் கண்டிக்கு வந்தது. ஜூனில் கண்டியில் விடப்பட்ட படை சரணடைந்தது. மேஜர் டேவி ஆட்களோடு திருகோணமலைக்குப் போய்விடலாம் என்பதுதான் பேச்சு. மகாவலி பெருகிக் கிடந்தது. வட்டப்புலுவையில் ஆற்றைக் கடக்க முடியாமல் நின்றார்கள், அங்கேயே கதை முடிந்தது. கண்டிக்கும் மடவளைக்கும் பஸ்ஸில் போய்வருகிற எங்கள் பிள்ளைகளுக்கு வட்டப்புலுவை என்றால் தெரிந்த இடப்பெயர், அவ்வளவுதான். அந்தப் படையில் மலே முஸ்லிம் வீரர்களும் இருந்தார்கள். அவர்களின் கெப்டன் நூருதீன், அரசரிடம் சேவைக்கு வரச் சொன்னபோது மறுத்து உயிரை விட்டார். அவருடைய சகோதரரோ அரசரின் படையில் இருந்தவர். முஸ்லிம்கள் எந்தப் பக்கம் என்று ஒற்றை வரியில் கேட்பவர்களுக்கு, இரண்டு பக்கமும் என்பதுதான் பதில்.

1817 இலும் அப்படித்தான். பம்பாயில் ட்ரிங்கோமலி தண்ணீரில் இறங்கத் தயாரான அதே கிழமைகளில் வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி வெடித்தது. பிரித்தானியர் ஹஜ்ஜி மரிக்கார் என்பவரை அங்குள்ள முஸ்லிம்களுக்கு முகாந்திரமாக நியமித்தார்கள். அது அங்கிருந்த தலைவர்களின் அதிகாரத்தில் கைவைப்பதாக இருந்தது. அவரைக் கிளர்ச்சிக்காரர் பிடித்துக் கொன்றார்கள். விசாரிக்கப் போன அதிகாரி வில்சன் செப்டெம்பரில் அம்பு பட்டு இறந்தார். ஒரு சமூகத்தைப் பிரித்து ஆட்சி செய்வதன் விலை யார் தலையில் விழும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்களிடம் இல்லை. கவனமாகத்தான் படிப்பிக்கிறோம். வகுப்பில் கேட்கிற கேள்வி வீட்டுக்குப் போகும், வீட்டிலிருந்து கடைக்குப் போகும்.

இதையெல்லாம் ஏன் இழுக்கிறோம் என்றால், 2018 மார்ச். திகன, தெல்தெனியப் பக்கம் கடைகளும் பள்ளிகளும் எரிந்த கிழமை. மாவட்டம் முழுக்க ஊரடங்கு. பாடசாலை திறந்த பிறகு ஒரு பிள்ளை கேட்டது: "நாங்க எப்ப சேர் இங்க வந்தோம்?" யாரோ அதனிடம் "நீங்கள் வந்தவர்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மேடைப் பேச்சால் பதில் சொல்ல முடியாது. பொருளைக் காட்டவேண்டும்.

நாங்கள் காட்டியது உப்பு. மலைநாட்டில் நெல் விளையும், பாக்கு விளையும், மிளகு விளையும். உப்பு விளையாது. கருவாடும் இல்லை. அதைக் கரையிலிருந்து கொண்டுவந்தது தவளம் மாடு. முதுகில் இரண்டு பக்கமும் மூட்டை கட்டிய மாடுகள் வரிசையாகக் காட்டுப் பாதையால் வரும். போகும்போது பாக்கு, வரும்போது உப்பும் கருவாடும் துணியும். அரசருக்கு இதற்கென்று மடிகே பத்த என்று ஒரு பகுதியே இருந்தது, அதில் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்கு. 1626 இல் போர்த்துக்கேயர் விரட்டியபோது செனரத் மன்னர் சுமார் 4000 முஸ்லிம்களைக் கிழக்குக் கரையில் குடியேற்றினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அரசருக்குக் கரையில் நம்பிக்கையான ஆட்கள் தேவை, எங்களுக்கு இருக்க இடம் தேவை. கடலை இழந்த இராச்சியத்துக்குக் கடலைத் தோளிலும் மாட்டு முதுகிலும் கொண்டுவந்து கொடுத்தவர்களில் எங்கள் மூத்தவர்களும் இருந்தார்கள்.

அந்தப் பிள்ளை சோற்றுப் பார்சலைப் பிரித்து, "அப்ப இந்த உப்பும் அப்படித்தான் வந்ததா?" என்று கேட்டது. "இப்ப லொறியில வருது" என்று இன்னொருவன் சொன்னான். வகுப்பு சிரித்தது. அன்று அது போதும்.

கப்பலுக்குக் காசு திரட்டிப் பத்து வருடம் திருத்தினார்கள். நல்ல விஷயம், அதில் எங்களுக்குக் கோபமில்லை. ஒரு பழைய பொருளை அழியவிடாமல் வைத்திருப்பது எப்படி என்று அவர்களிடம் படிக்கவேண்டும். ஆனால் தவளம் மாட்டின் சேணம் ஒன்று, மூட்டை கட்டிய சாக்கு ஒன்று, கழுத்து மணி ஒன்று, இவற்றை நம் பக்கத்தில் யார் வைத்திருக்கிறார்கள்? நாங்கள் விசாரித்த வீடுகளில் மணி ஒன்று இருந்ததாம். பழைய பித்தளைக்காரனுக்குப் போட்டுவிட்டார்களாம். நிறுத்துக் காசு கொடுத்தானாம்.

வருடாவருடம் தரம் பத்தும் பதினொன்றும் திருகோணமலைக்குச் சுற்றுலா போகிறது. விடிய நாலு மணிக்குப் பஸ் எடுத்தால் உக்குவலை, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய். நாலைந்து மணித்தியாலம். கோணேசர் கோயிலடியில் மான், கன்னியா வெந்நீர்க் கிணறு, நிலாவெளியில் குளிப்பு, ஒரு பிரியாணிப் பார்சல், திரும்பி வருகிறோம். பாட்டுப் போட்டுக்கொண்டு போகிற அந்தப் பாதையில்தான் மாடுகள் வாரக்கணக்கில் நடந்தன, தூதுவர்கள் நடந்தார்கள், படைகள் நடந்தன. வருகிற முறை போகும்போது மாத்தளைக்கு அப்பால் நாலந்தையில் பஸ்ஸை ஒரு கால் மணித்தியாலம் நிறுத்தப்போகிறோம். அங்கே ஒரு சிறிய பழைய கற்கட்டடமும் இருக்கிறது, பிள்ளைகள் அதையும் பார்க்கலாம். கோட்டை வாசலில் நின்று அந்த ஹார்ட்ல்பூல் படத்தையும் ஃபோனில் காட்டப்போகிறோம்.

வேறு பாடசாலை ஆசிரியர்களும் சேர்ந்துகொள்ள விரும்பினால் கீழே எழுதுங்கள். இன்னும் ஒரு வேண்டுகோள். வத்தேகம, மடவளை, அக்குறணை, கலகெதர, மாத்தளை, எங்கே இருந்தாலும் சரி, உங்கள் வீட்டில் தவளம் பற்றிப் பேசக்கூடிய வாப்பாமார், மூத்தம்மாமார் இருந்தால் ஃபோனில் குரலைப் பதிந்து அனுப்புங்கள். பரணில் பழைய மாட்டு மணி கிடந்தால் தயவுசெய்து நிறுத்து விற்காதீர்கள். ஒரு படமாவது எடுத்துவிட்டு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், பஸ் பிடித்து வந்து பார்க்கிறோம்.